மூச்சு வாங்கும் இங்கிலீஷ்

"வலிக்குது சிஸ்டர்" என்று யாராவது சொன்னால் அக்கா உடனே மாத்திரையைத் தேடிப் போக மாட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வலிக்குதா... வலிக்குது" என்பாள். "தூக்கமே வர மாட்டேங்குது தாயி" என்று ஒரு பெரியவர் சொன்னால், "வர மாட்டேங்குதா, வரல" என்பாள். அதற்குப் பிறகுதான் ஊசி, மாத்திரை, டாக்டருக்குப் போன் எல்லாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. அக்காவுக்குக் காது மந்தமோ என்றுகூட நினைத்தேன். சில நாளில் கவனித்தேன். அவள் அப்படித் திருப்பிச் சொன்னதும் படுத்திருப்பவர் சற்று அடங்கிவிடுவார். அதே வலியை இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்.

நாங்கள் வேலை பார்த்தது மதுரை பைபாஸ் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எங்கள் வார்டில் நாற்பது கட்டில்கள், ஒரு ஷிப்டுக்கு இரண்டு நர்ஸ். இரண்டில் ஒருத்தி லீவு போட்டால் அன்றைக்கு ஒருத்திதான். ஷிப்ட் முடிந்து செருப்பைப் போடும்போது கால் அதற்குள் நுழையாது. அக்காவின் பெயரை வார்டில் யாரும் சொன்னதில்லை. டாக்டர்கள் உட்பட எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளுக்கு நாற்பதை நெருங்கிய வயது. அவளோடு வேலைக்குச் சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். அவள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள்.

தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு சந்தில், பாத்திரக் கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டு மாடியில் ஓர் அறையை நானும் அக்காவும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்காவின் வீடு பேரையூரில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் லோடு வண்டியில் இருந்து விழுந்து முதுகில் அடிபட்டவர். கனமான வேலை எதுவும் பார்க்க முடியாது. நாலைந்து ஆடுகளை வைத்துக்கொண்டு, சமைத்துப் போட்டு, பத்தாவது படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வார விடுமுறைக்கு அக்கா பஸ் ஏறிப் போவாள். மறுநாள் விடிகாலை கிளம்பி நேராக வார்டுக்கு வந்து நிற்பாள்.

"நீங்களும் ஏன்க்கா வெளிநாடு போகணும்னு நினைக்கிறீக?" என்று ஒருநாள் கேட்டேன். சம்பளத்தைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அங்க ஒரு நர்ஸுக்கு நாலு பேஷண்ட்டாம்டி" என்றாள். "நாலு பேருன்னா பேரச் சொல்லிக் கூப்பிடலாம். இங்க நா பதினேழாம் பெட்டு, முப்பத்தொண்ணாம் பெட்டுன்னுதான் கூப்பிடுறேன். போன வாரம் இருபத்தி ரெண்டு செத்துப்போச்சுன்னு சொன்னேன். சொன்ன பெறகுதான் வாய் கூசுச்சு."

போவதற்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். சிம்மக்கல்லில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அங்கே பாடம் எடுத்த பையன், "யாராச்சும் இங்கிலீஷ்ல பேசுறதப் போன்ல போட்டு, கூடவே சொல்லிக்கிட்டே வாங்க மேடம். எதப் பத்தி வேணாலும் இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தான். அக்கா முதலில் செய்தி வாசிப்பைப் போட்டுப் பார்த்தாள். "இந்தப் பொம்பள மூச்சே விட மாட்டேங்குறாளே" என்று நிறுத்திவிட்டாள். சமையல் வீடியோ போட்டாள். "கேட்டா பசிக்குதுடி" என்று அதையும் விட்டாள். அப்புறம் தானாக ஓடிவந்த ஏதோ ஒரு வீடியோவில் அந்த அம்மாள் கிடைத்தாள்.

நரைத்த முடி, கனமான கோட்டு, வெடித்த உதடு. உயரமான மலைகளில் மனித உடம்புக்கு என்னவெல்லாம் ஆகிறது என்று ஆராயும் விஞ்ஞானி. மேலே ஏதோ ஒரு முகாமில், கூடாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பேசுவாள். பின்னால் காற்று கூடாரத்துணியை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த உயரத்தில் காற்று குறைவு என்பதால் அவளால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. நாலு வார்த்தை பேசுவாள், மூச்சு வாங்குவாள், அப்புறம் நாலு வார்த்தை. அந்த இடைவெளிதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது.

"பாத்தியா, இந்தம்மா எனக்காக நின்னு நின்னு போறா" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு 'மலைக்காரம்மா' என்று பெயர்.

மதியம் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் அக்கா சேலையை மாற்றிக்கொண்டு தரையில் மல்லாந்து படுப்பாள். வீங்கிய கால்களைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி ஆரம்பிப்பாள். "அட் திஸ் ஹைட்... த பாடி இஸ் நெவர்... அட் ரெஸ்ட்." இந்த உயரத்தில் உடம்புக்கு ஓய்வே கிடையாது என்று அர்த்தம். மலைக்காரம்மா மூச்சு வாங்கிய இடத்தில் அக்காவும் மூச்சு வாங்குவாள். மலைக்காரம்மா ஓர் இடத்தில் இருமிவிட்டு 'எக்ஸ்க்யூஸ் மீ' என்பாள். அக்காவும் இருமிவிட்டு 'எக்ஸ்க்யூஸ் மீ' என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

"இருமலுமா பரீச்சைக்கு வரும்?"

"எது இங்கிலீஷு எது இருமல்னு எனக்கு எப்பிடிடி தெரியும்? எல்லாத்தையும் சொல்லிருவோம். வேணுங்கறத அவுக எடுத்துக்கிரட்டும்."

கீழ் வீட்டுப் பாயம்மாவுக்கு இந்தச் சத்தம் தினமும் கேட்கும். ஒருநாள் நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது, "மாடியில உங்க அக்கா என்னத்தா ஓதுது?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "எங்க பேரப்புள்ளைக மதரசாவுல இப்பிடித்தான். அசரத்து சொல்லச் சொல்ல, பொருளு தெரியாமலே கூடவே சொல்லும். பொருளு தெரியுதா அந்தப் புள்ளைக்கு?" என்றார்.

தெரிந்தது. அதுதான் ஆச்சரியம். முதலில் வெறும் சத்தமாக ஆரம்பித்தது, ஒரு கட்டத்தில் விஷயமாக அவளுக்குள் இறங்கியது. வார்டில் விரல்நுனியில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் மெஷினை மாட்டிவிட்டு என்னிடம் சொல்வாள்: "இங்க எண்பது சொச்சம் வந்தா நம்ம ஓடுறோம். அங்க நல்லா இருக்கற ஆளுக்கே அம்புட்டுதானாம். பசிக்காதாம். தூக்கம் பிடிக்காதாம். சின்னப் புண்ணுகூட ஆறாதாம்." ஒரு நிமிஷம் கழித்து, "நமக்கும் அப்பிடித்தானடி இருக்கு. நம்ம என்ன மலையிலயா இருக்கோம்?" என்பாள்.

மலையில் அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மகள் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் போயிருந்த வாரம் அக்கா ஊருக்குப் போகவில்லை. காலையில் பஸ் பிடித்து இருவரும் கீழக்குயில்குடி போனோம். தாமரைக் குளத்துப் பக்கம் டீ குடித்துவிட்டு, சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். அக்கா காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள். ஏற ஏறத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் நிஜமாகவே மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, முகமெல்லாம் வேர்வையோடு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்பத்தாண்டி சரியா வருது. அந்தம்மா மூச்சு வாங்குற எடத்துலதான் எனக்கும் வாங்குது."

எங்களுக்குப் பின்னால் ஏறிவந்த ஒரு கல்லூரிப் பெண், இந்த அம்மா ஏன் தனியாக இங்கிலீஷில் புலம்பிக்கொண்டு ஏறுகிறாள் என்று ஒதுங்கிப் போனது. அக்கா அதற்கும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு காலைதான் என்று நினைக்கிறேன்.

முதல் தேர்வு திருச்சியில் நடந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் நோயாளி மாதிரி நடிப்பாள். அவளிடம் நர்ஸாகப் பேசி, ஊசி போட்டுக்கொள்ள ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்த அக்கா நடந்ததைச் சொன்னாள்.

"எனக்கு ஊசி வேண்டாம்னு இங்கிலீஷ்ல சொன்னா. உங்களுக்கு ஊசி வேண்டாம்னு நானும் சொன்னேன். பயமா இருக்குன்னா. உங்களுக்குப் பயமா இருக்குன்னேன். அப்பிடியே என்னயப் பாத்துக்கிட்டு இருந்தா. கையப் பிடிப்போமான்னு பாத்தேன், நடுவுல மேஜை. மணி அடிச்சுருச்சு."

"அதுக்கப்புறம் ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா?"

"என்னத்தச் சொல்ல? நம்ம வார்டுல அதுக்கப்புறம் அவுகளே பேசுவாகள்ல? இவ பேசவே இல்லையே."

தேறவில்லை.

இரண்டாவது தடவை இரவு டியூட்டி முடித்து அப்படியே பஸ் ஏறினாள். லீவு கிடைக்கவில்லை. ஏறியதும் தூங்கிவிட்டாள். திருச்சியில் கண்டக்டர் கத்தியது அவளுக்குக் கேட்கவே இல்லை. பெரம்பலூரில் யாரோ தோளைத் தட்டி எழுப்பியபோது தேர்வு தொடங்கியிருந்தது. அங்கேயே பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு எதிர்ப் பஸ் பிடித்து வந்துவிட்டாள். "நல்ல தூக்கம்டி. அதுக்காகவாச்சும் போனேனே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த வங்காளி அம்மா வந்தார்.

கல்கத்தாப் பக்கத்தில் இருந்து ராமேஸ்வரத்துக்கு வந்த வயதான தம்பதி அவர்கள். திரும்பும் வழியில் மீனாட்சி அம்மனையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மதுரையில் இறங்கியிருக்கிறார்கள். ஸ்டேஷன் படிகளிலேயே கணவருக்கு மூச்சுத் திணறி, எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இதயம் மிகவும் பலவீனமாக இருந்தது. அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தே இருப்பார்.

டாக்டர் வந்தார். படபடவென்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. டிரிப்ஸ் மாற்ற வந்த அக்காவின் கையைப் பற்றிக்கொண்டார்.

"வில் ஹி லிவ், சிஸ்டர்?"

பிழைப்பாரா என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வழக்கம்போல, "வில் ஹி லிவ்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அந்த அம்மா கையை விடவில்லை. பதிலுக்காக அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அப்போது அக்கா வாயில் இருந்து வார்த்தைகள் வந்தன. நின்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன.

"த பாடி இஸ் வொர்க்கிங்... வெரி ஹார்ட். ஈவன் வென் ஹி இஸ்... லையிங் ஸ்டில்... ஹி இஸ் கிளைம்பிங்."

உடம்பு கடுமையாக உழைக்கிறது, அசையாமல் படுத்திருந்தாலும் அவர் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். மலைக்காரம்மா சொன்னதுதான். 'நீங்கள்' என்பதை மட்டும் 'அவர்' என்று மாற்றியிருந்தாள்.

அந்த அம்மாவின் நெற்றிச் சுருக்கம் விலகியது. "கிளைம்பிங்" என்று அவர் திருப்பிச் சொன்னார். கணவரின் காலைப் போர்வைக்கு மேலாகத் தடவிக் கொடுத்தார். பிறகு வராந்தாவுக்குப் போய் யாருக்கோ போன் பண்ணி வங்காளத்தில் பேசினார். நடுவில் 'கிளைம்பிங்' என்ற சொல் மட்டும் இரண்டு தடவை எங்கள் காதில் விழுந்தது. அக்கா டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தன் ஆங்கிலம் ஓர் ஆளிடம் போய்ச் சேர்ந்ததை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். முகத்தில் கூச்சம் கலந்த ஒரு சந்தோஷம்.

ஒருநாள் விட்டு மறுநாள் காலையில் அந்தக் கணவர் இறந்துபோனார்.

மகன் டெல்லியில் இருந்து விமானம் பிடித்து வந்துகொண்டிருந்தான். அவன் வரும்வரை அந்த அம்மா அதே ஸ்டூலில் இருந்தார். அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அந்த அம்மா அழாமல், நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். பள்ளிக்கூட டீச்சரின் ஆங்கிலம் என்பதால் எனக்கும் புரிந்தது. "மகன் அன்றைக்கே கிளம்புகிறேன் என்றான். நான்தான், அப்பா ஏறிக்கொண்டிருக்கிறார் என்று சிஸ்டர் சொல்கிறார்கள், அவசரப்படாதே, லீவு சொல்லிவிட்டு சனிக்கிழமை வா என்றேன்." அவ்வளவுதான் சொன்னார். அதில் கோபம் எதுவும் இல்லை. டீயை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரை அக்காவிடம் கொடுத்து, "தேங்க் யூ, சிஸ்டர்" என்றார்.

அன்று மதியம் அறைக்கு வந்த அக்கா சேலைகூட மாற்றவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"மலைக்காரம்மா நல்லா இருக்கறவுகளப் பத்திச் சொன்னா. நா சாகப்போறவருக்குச் சொல்லிட்டேன்."

"நீங்க ஆறுதலாத்தானக்கா சொன்னீக."

"ஆறுதல் யாருக்கு வேணும்? மகன் வந்து முகத்தப் பாத்திருப்பான். உயிரோட பாத்திருப்பான்டி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வாயில இருந்துச்சுன்னு எடுத்துக் கொடுத்துட்டேன். என் பேச்சா அது? ஆரோ எங்கயோ மலையில உக்காந்து சொன்னது."

நான் என்னென்னவோ சொன்னேன். எந்த டாக்டராலும் நாள் குறிக்க முடியாது என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள், திருப்பிச் சொல்லவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. வார்டிலும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தாள். "வலிக்குது சிஸ்டர்" என்றால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாத்திரை எடுக்கப் போனாள். முப்பத்தாறாம் கட்டில் பாட்டி என்னிடம், "அந்தப் புள்ளைக்கு என்னத்தா ஆச்சு, பேசவே மாட்டேங்குது?" என்று கேட்டது.

மலைக்காரம்மாவின் குரல் எங்கள் அறையில் நின்றுபோனது. வகுப்புக்கும் போகவில்லை. இனி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். நான் கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. அக்கா தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்திருந்தாள். நெஞ்சில் போன் இல்லை. விட்டத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஐ டோன்ட் நோ."

கால்களை மாற்றிச் சாய்த்துக்கொண்டாள்.

"ஐ டோன்ட் நோ. ஐ வில் ஆஸ்க் த டாக்டர்." கண்ணை மூடிக்கொண்டாள். "கால் யுவர் சன். கால் யுவர் சன் டுடே."

எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன், உங்கள் மகனைக் கூப்பிடுங்கள், இன்றைக்கே கூப்பிடுங்கள். இந்த வாக்கியங்களை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் முன்னால் சொல்ல, அவள் பின்னால் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். உள்ளே போனால் நிறுத்திவிடுவாளோ என்று இருந்தது. திரும்பத் திரும்பச் சொன்னாள். சில இடத்தில் பாதியில் விட்டாள். மறுபடி முதலில் இருந்து சொன்னாள்.

அதன் பிறகு தினமும் புதிதாக ஏதாவது ஒன்றைக் கட்டுவாள். இதை எப்படிச் சொல்வது, அதை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்பாள். எனக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து தேடுவோம். என் ஆங்கிலம் அந்த அறையில் அப்படித்தான் வளர்ந்தது. மூன்றாவது தடவை திருச்சிக்குப் போனபோது லீவு எடுத்துக்கொண்டு முதல் நாளே போய்த் தங்கினாள். தேறிவிட்டாள். பாயம்மா கீழே இருந்து ஒரு தட்டு நிறைய இடியாப்பமும் கறிக்குழம்பும் கொடுத்து அனுப்பினார்.

அதோடு விமானம் ஏறிவிட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வந்தது. "அது எழுதட்டும், போயிருவோம்" என்றாள். பரீட்சை முடிந்ததும் வீட்டுக்காரருக்கு முதுகு வலி முற்றி ஆபரேஷன் செய்தார்கள். "அவரு எந்திரிச்சு நடக்கட்டும், போயிருவோம்" என்றாள். இதற்கிடையில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு, இங்கிலீஷ் பேசத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி வார்டில் இருக்கிறாள் என்ற விஷயம் எட்டியது. வெளிநாட்டில் இருந்தும் வடக்கே இருந்தும் வரும் நோயாளிகளுக்காகக் கீழே லாபியில் கண்ணாடித் தடுப்புப் போட்டு ஒரு மேஜை வைத்தார்கள். அக்காவைக் கூப்பிட்டு அங்கே உட்காரச் சொன்னார்கள். கால் வலிக்கு நல்லதுதானே என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

நீலக் கோட்டு, கழுத்தில் ஸ்கார்ஃப், ஏசி. நான் ஷிப்ட் முடிந்து போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையசைப்பாள். பயிற்சி கொடுக்க வந்த பெண் முதல் நாளே சொல்லிவிட்டாளாம்: "ஏன் மேடம் இப்பிடி நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குறீங்க? உங்களுக்கே ஆஸ்துமா இருக்குன்னு நினைச்சுக்குவாங்க." அக்கா அதையும் சரி செய்துகொண்டாள். சில வாரத்தில் செய்தி வாசிக்கிற பெண் மாதிரி ஒரே மூச்சில் பேசினாள். ஊசி குத்தும் வேலை இல்லை, படுக்கை மாற்றும் வேலை இல்லை. ஆனால் அறைக்கு வந்தால் முன்னைவிடச் சோர்ந்து விழுவாள்.

"அங்க உக்காந்துக்கிட்டு எனக்கு ஒரு பேஷண்ட்டும் இல்லடி" என்றாள். "வர்றவுக எல்லாம் நின்னுக்கிட்டே ரேட்டு கேக்குறாக, மேல போயிர்றாக. என்ன ஆனாகன்னே தெரியல."

ஒருநாள் மாலத்தீவில் இருந்து ஓர் ஆள் தன் தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆபரேஷன் செய்தால் அப்பா நடப்பாரா என்று கேட்டிருக்கிறார். அந்த மேஜையில் அதற்கென்று ஒரு பதில் இருந்தது. நிச்சயமாக, எங்கள் டாக்டர்கள் தலைசிறந்தவர்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். அக்கா, "ஐ டோன்ட் நோ, ஐ வில் ஆஸ்க் த டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கோட்டோடு எழுந்து மாடிக்குப் போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். நடக்க வாய்ப்புக் குறைவு, வலி குறையலாம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் தகப்பனாரைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். நிர்வாகத்தில் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"அந்த மேஜையில உக்காந்துக்கிட்டு 'தெரியாது'ன்னு சொல்லக் கூடாதாம்டி" என்று சொல்லிவிட்டு ஸ்கார்ஃபை அவிழ்த்து மடித்து வைத்தாள். "எனக்குன்னு இருக்கறதே அந்த ஒரு பேச்சுதான்."

அந்த வாரமே வேலையை விட்டாள். தேர்வில் தேறியதற்கான காகிதத்தின் காலமும் அதற்குள் முடிந்திருந்தது. அந்தக் காகிதம் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். போக வேண்டும் என்றால் மறுபடி எழுத வேண்டும். "எழுதுங்கக்கா, நானும் எழுதப் போறேன், சேந்து போவோம்" என்றேன். அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லடி. எனக்கு அலுத்துப்போச்சு. நீ எழுது" என்றாள். கீழே போய்ப் பாயம்மாவிடம், "வாரேன்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

பேரையூரில் ஒரே ஒரு டாக்டர் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எப்போதாவது போனில் பேசுவோம். அவளும் பாதியில் வைத்துவிடுவாள், நானும் பாதியில் வைத்துவிடுவேன். இரண்டு பக்கமும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கு வெளிநாட்டு வேலைக்கான ஆர்டர் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பேரையூருக்குப் போனேன். அக்காவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பஸ்ஸில் போகும்போதே எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். முதலில் சந்தோஷமாகச் சொல்வதா, தயங்கிச் சொல்வதா என்று தெரியவில்லை. தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் வீட்டுக்காரர் வாசலில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். இப்போது நன்றாக நிமிர்ந்து நடந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளே கூப்பிட்டார்.

அக்கா கூடத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. தலையில் கொஞ்சம் நரை கூடியிருந்தது. ஃபேன் காற்றில் சேலைத் தலைப்பு ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒலிபெருக்கி கட்டிய காய்கறி வண்டி கத்திக்கொண்டு போனது. அவள் அசையவில்லை. அந்த மாடி அறையில் அத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும் அவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. அங்கே கூப்பிடும் முன்னாலேயே எழுந்துவிடுவாள்.

"ராத்திரி ஒரு பிரசவம். விடிஞ்சுதான் வந்தா" என்றார் அவர் தணிந்த குரலில். "எழுப்புறேன், இரும்மா. நீ வந்துட்டுப் போனது தெரிஞ்சா என்னயத்தான் வைவா."

"வேண்டாம்ண்ணே. தூங்கட்டும்."

மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் சுவரோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்டர் காகிதம் பைக்குள் இருந்தது. அதை அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை.

வாசல்வரை கூட வந்தவர் கேட்டார். "நீ என்ன விசயமா வந்தேன்னு அவ கேட்டா என்னன்னு சொல்ல?"

"சும்மா பாக்க வந்தேன்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

மதியப் பஸ் காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எனக்கும் கண் சொக்கியது. திருமங்கலம் வரும்வரை ஒன்றும் தெரியவில்லை.